லு ப்ளூஸ், லா ப்ளூஸ்

1

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு கொப்பியை மூடியவன் நான். அதன் பிறகு இந்தக் கை பேனையைப் பிடித்ததை விடத் தும்புத்தடியைப் பிடித்ததுதான் அதிகம். எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்று எனக்கு இன்னும் தடுமாற்றம். பிழைகளைத் திருத்திப் போடுங்கள். ஓர் இடத்தில் மட்டும் திருத்த வேண்டாம். அது எந்த இடம் என்று வாசித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

ஊர் வாசிகசாலை மலருக்கு எழுதச் சொல்லி என்னோடு படித்த தவம் மூன்று வருடமாகக் கேட்கிறான். "என்னத்தை எண்டாலும் எழுது மச்சான். ஈபிள் கோபுரத்தைப் பற்றி மட்டும் எழுதாதை. அதை எல்லாரும் எழுதிப்போட்டினம்" என்றான். ஈபிள் கோபுரத்தடிக்கு நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். லண்டனிலிருந்து வந்த மனைவியின் தமையனுக்குக் காட்டுவதற்காக. அன்று மழை. ஆகவே தவம் பயப்படத் தேவையில்லை.

போன வெள்ளிக்கிழமை நடந்த ஒரு சின்ன விசயம்தான் என்னை எழுத வைக்கிறது. நான் வேலை செய்யும் துப்புரவுக் கொம்பனி கைமாறிவிட்டது. இங்கே கொம்பனி மாறினால் கட்டடத்தோடு சேர்த்து எங்களையும் மற்றக் கொம்பனிக்குக் கொடுத்துவிடுவார்கள், கதவுத் திறப்புக் கொத்தைக் கொடுப்பது போல. புதுக் கொம்பனியில் எங்களை மேற்பார்க்கும் செஃப், ஒரு பெண், எனக்குச் சாம்பல் நிறத்தில் ஸிப் வைத்த சட்டை ஒன்றைத் தந்தார். கூடவே ஒரு படிவமும் தந்தார். பழைய வேலை உடைகளைத் திங்கட்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காதவர்கள் காரணத்தை எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும்.

என்னிடம் பழைய மேலங்கிகள் இரண்டு இருந்தன. ஒன்றை அப்போதே கழற்றிக் கொடுத்துவிட்டேன். மற்றதைக் கொடுக்கப் போவதில்லை.

2

முழங்கால் வரை வரும் நீலத் துணி. முன்னால் ஐந்து பொத்தான்கள், இரண்டு பெரிய பொக்கற். பிரெஞ்சில் இந்த மேலங்கிக்கு ப்ளூஸ் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த அன்று, எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் சலூன் வைத்திருக்கும் குணம் அண்ணையிடம், "ப்ளூஸ் தந்திருக்கிறாங்கள்" என்று சொன்னேன். முடி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சீலையும் தருவாங்களோடா?"

அன்று சலூனில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாராவது சிரித்தால் நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். யாராவது எதையாவது கேட்டால் "வீ" என்றுவிடுவேன். வீ என்றால் ஓம். விளங்கினாலும் வீ, விளங்காவிட்டாலும் வீ. இப்படித்தான் இந்த நாட்டில் பாதி வயதைக் கழித்தேன்.

பிரெஞ்சில் எல்லாப் பொருளுக்கும் ஆண் பெண் உண்டு. ஆண் என்றால் முன்னால் 'லு' போட வேண்டும், பெண் என்றால் 'லா'. மேசை பெண். கதிரையும் பெண். வாளி ஆண், தும்புத்தடி ஆண். யார் பார்த்துச் சொன்னார்களோ தெரியாது. எனக்கு இது பிடிபடவே இல்லை. அதனால் லு, லா இரண்டையும் தொண்டைக்குள் விழுங்கிவிட்டுப் பொருளின் பெயரை மட்டும் சொல்லப் பழகிக்கொண்டேன்.

பெயர் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் பெயர் சிவபாலன். ஆனால் இங்கே ஒருவருக்கும் அது தெரியாது. வந்த புதிதில் அகதி விண்ணப்பம் நிரப்பியபோது அப்பாவின் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குள் போய்விட்டது. விசா அட்டை, சம்பளத் துண்டு, மருத்துவ அட்டை எல்லாவற்றிலும் நான் 'மிஸியூ கந்தையா'. கந்தையா என் அப்பா. அவர் பனிக்குப் பயந்து இந்த நாட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்.

கொம்பனியில் எல்லாருடைய மேலங்கிகளையும் ஒன்றாகப் போட்டுத் துவைப்பார்கள். மாறிவிடும். அதனால் என் மனைவி கழுத்துப்பட்டியின் வெளிப்பக்கத்தில் சிவப்பு நூலால் 'சி' என்று தைத்துவிட்டாள். ஊசி பிடித்தால் அவளுக்கு எழுத்து வடிவாக வரும். இந்த நாட்டில் என் சொந்தப் பெயர் இருந்த இடம் அந்தக் கழுத்துப்பட்டி ஒன்றுதான்.

3

2009இல் என்னை ஒரு பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டூடியோவுக்குப் போட்டார்கள். நாங்கள் குடியிருக்கும் கார்ஜிலிருந்து முதல் ரயில். காலை ஆறு மணி முதல் ஒன்பது வரை அங்கே வேலை. பாட்டுக்காரர்கள் வருவதற்குள் கூட்டித் துடைத்துவிட்டு மறைந்துவிட வேண்டும்.

உங்களில் பலர் என்னைப் பற்றி 'பரிசில ஸ்டூடியோவிலை வேலையாம்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதையும் இங்கேயே திருத்திவிடுகிறேன். ஸ்டூடியோவில்தான் வேலை. நிலம் துடைக்கும் வேலை. கழிப்பறையும் உண்டு.

ஆனால் சத்தத்தோடு எனக்குப் பழைய சம்பந்தம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஊரில் ஒரு சவுண்ட் சேர்விஸில் நின்றேன். கோயில் திருவிழா, கலியாண வீடு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் குழாய் ஒலிபெருக்கி கட்டுவோம். மரத்தில் ஏறிக் கட்டுவது நான். மைக்கில் "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்ப்பது முதலாளி. ஒரு நாள் மரத்தால் இறங்கி வந்த என்னிடம் மைக்கை நீட்டி, "டேய், இண்டைக்கு நீ சொல்லு" என்றார். எனக்கு 'ஹலோ' வரவில்லை. இரண்டு தரம் ஊதினேன். ப்பூ, ப்பூ. அது ஊர் முழுக்கக் கேட்டது. அன்றிலிருந்து முதலாளி என்னை 'ஊதி' என்றுதான் கூப்பிட்டார். தவத்துக்கு நினைவிருக்கும்.

4

என் மகள் மிதுலாவுக்கு அப்போது பதினாறு வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். அவளுடைய அறைச் சுவரில் ஒரு ரொக் பாட்டுக்காரரின் படம் இருந்தது. பிரெஞ்சுக்காரர், அறுபது வயது, தலைமுடி தோளில் கிடக்கும். அவருடைய பெயரைச் சரியாக எழுத எனக்கு வராது, அதனால் பாட்டுக்காரர் என்றே எழுதுகிறேன்.

அந்த வருடம் பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்திருந்தார்கள். வகுப்பாசிரியை எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார்.

"மிஸியூ கந்தையா! நீங்கள்தானே ஒலிப்பதிவுப் பொறியியலாளர்?"

எனக்கு 'ஒலி' என்ற சொல் மட்டும் விளங்கியது. பழக்கதோசம். "வீ" என்றேன்.

"ஒரு நாள் வகுப்புக்கு வந்து உங்கள் தொழிலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்வீர்களா?"

"வீ, வீ."

பக்கத்தில் மிதுலா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் விசயம் விளங்கியது. நான் ஸ்டூடியோவில் பாட்டுப் பதிவு செய்கிறவன் என்று அவள் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தாள். நான் ஒன்றும் ஏசவில்லை. ஊருக்கு நாங்கள் சொல்லும் பொய்யைத்தான் அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள்.

"நானும் ஊரிலை சவுண்ட் சேர்விஸ்தானே பிள்ளை" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்பா, அங்கே வரும்போது அந்த ப்ளூஸ் கதையை எடுக்காதீர்கள், தயவு செய்து" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தத் 'தயவு செய்து'தான் என்னைச் சுட்டது.

5

சில நாட்களில் ஒரு காலை ஸ்டூடியோக் கதவைத் திறந்து உள்ளே வந்தவரைப் பார்த்து வாளியை வைத்துவிட்டேன். மிதுலாவின் சுவரில் இருந்த அதே முகம். அவர் ஒலிப்பதிவாளரோடு மற்றவர்களுக்கு முன்பே எட்டு மணிக்கு வந்து பெரிய அறையில் கோப்பி குடித்துக்கொண்டிருப்பார். சுவரில் ஒரு பெரிய கறுப்பு வெள்ளைப் படத்தை ஒட்டியிருந்தார். கறுப்பினக் கிழவர் ஒருவர். மடியில் கிற்றார், சிரிப்பு இல்லாத முகம்.

பாட்டுக்காரர் ஒலிப்பதிவாளரிடம் கதைக்கும்போது ஒரு வசனம் திரும்பத் திரும்ப என் காதில் விழுந்தது. "ஒமாஜ் ஓ ப்ளூஸ்."

ஒமாஜ் என்றால் மரியாதை செலுத்துவது. நகரசபை வாசலில் பூ வைக்கும்போது அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். ப்ளூஸ் என்றால் நான் போட்டிருப்பது. எங்கள் கொம்பனியில் பாதிப் பேர் மாலி நாட்டுக் கறுப்பினத்தவர்கள். ஆகவே படத்தில் இருப்பவர் எங்களைப் போல ஒரு துப்புரவு வேலைக்காரர், இந்தப் பெரிய மனிதர் எங்கள் உடுப்புக்கு மரியாதை செய்து ஓர் இசைத்தட்டு போடுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். ஒரு கிழமை முழுக்க நான் நிமிர்ந்து நடந்தேன்.

எட்டாம் நாள் துணிந்து அவர் முன்னால் போய் நின்றேன். மேலங்கியைத் தொட்டுக் காட்டி நன்றி சொன்னேன். "மிஸியூ, மெர்சி. ப்ளூஸ்."

அவர் விளங்காமல் பார்த்தார். நான் சுவர்ப் படத்தைக் காட்டினேன், திரும்ப என் மேலங்கியைக் காட்டினேன். "அவர், நான். ப்ளூஸ். மெர்சி."

ஒலிப்பதிவாளருக்குத்தான் முதலில் விளங்கியது. மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். பாட்டுக்காரர், "லு ப்ளூஸ்... லா ப்ளூஸ்!" என்று சொல்லிச் சொல்லி இருமல் வரும் வரை சிரித்தார். லு போட்டால் அது ஒரு பாட்டு வகை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் துக்கப் பாட்டு. லா போட்டால் என் மேலங்கி. எழுத்து வேறாம். வாயால் சொன்னால் ஒரே ஓசை. முன்னால் நிற்கும் ஆண் பெண்தான் வித்தியாசம். அதைத்தான் நான் வருடக்கணக்காக விழுங்கி வந்தேனே.

வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். அன்று மட்டும் நான் சேர்ந்து சிரிக்கவில்லை.

பாட்டுக்காரர் அறைகளுக்கு நடுவே உள்ள ஓடையில் என் பின்னால் வந்தார். என்னை 'நீங்கள்' என்று கூப்பிட்டார். எங்கள் பழைய செஃப் 'நீ' என்பார். மெதுவாக, சொல் சொல்லாகப் பிரித்துச் சொன்னார். அந்தக் கிழவர் பெரிய பாடகர். ஆனால் அவருடைய பாட்டு விலைபோகாமல் கிடந்த காலத்தில் பல வருடம் ஓர் ஆசுபத்திரியில் நிலம் துடைத்திருக்கிறார். துடைத்துக்கொண்டே பாட்டுக் கட்டியிருக்கிறார். "அவரும் போட்டிருந்தார்" என்று என் மேலங்கியின் கையைத் தொட்டார். "மூன்று மாதமாக இந்த இசைத்தட்டுக்குப் பெயர் தேடுகிறேன். நீங்கள் தந்துவிட்டீர்கள்."

'லா ப்ளூஸ்' என்றே பெயர் வைத்தார்.

6

அட்டைப்படம் எடுக்க ஒரு பெண் வந்தாள். பாட்டுக்காரர் என் மேலங்கியைக் கேட்டார். புதிது ஒன்று வாங்கலாமே என்று அவள் சொன்னாள். அவர் இதுதான் வேண்டும் என்றார். நான் கழற்றிக் கொடுத்தேன். அவருடைய வயிற்றில் ஒரு பொத்தான் பூட்ட முடியவில்லை. கிழவரின் கிற்றாரைப் போன்ற ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு என் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். நான் பனியனோடு ஒரு மூலையில் நின்றேன்.

படம் எடுத்தவள் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தாள். கழுத்துப்பட்டியில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. ஏதோ கறை என்பது போல விரலை வைத்தாள். "இதை அழித்துவிடுகிறேன், ஒரு நிமிட வேலை. சரிதானே, மிஸியூ?"

என்னைத்தான் கேட்டாள். வழக்கமான வீ நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"நோன்" என்றேன்.

நோன் என்றால் இல்லை, வேண்டாம். இந்த நாட்டுக்கு வந்து நான் சொன்ன முதல் நோன் அதுதான் என்று நினைக்கிறேன். அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள், "ஏன்?" என்றாள். நான் அந்த எழுத்தைக் காட்டினேன்.

"நோன்" என்றேன் திரும்பவும்.

பிரெஞ்சில் பெயருக்கும் நோன் என்றுதான் ஓசை. முதல் நோன் வேண்டாம். இரண்டாவது நோன் என் பெயர். அவளுக்கு அது விளங்கவில்லை. பாட்டுக்காரர் விளங்கிக்கொண்டார்.

"அழிக்காதே. அது இவருடைய பெயர்" என்றார். பிறகு என்னிடம், "எப்படிச் சொல்வது?" என்று கேட்டார்.

"சிவபாலன்."

"சி-வா-பா-லன்" என்றார். கொஞ்சம் கோணல்தான். ஆனால் அது நான்.

7

வீட்டில் இதை நான் சொல்லவில்லை. ப்ளூஸ் கதையை எடுக்காதீர்கள் என்று மகள் சொல்லியிருந்தாளே.

மாதங்கள் போய் வகுப்பாசிரியையின் கடிதம் வந்தது. வியாழக்கிழமை மிஸியூ கந்தையா வகுப்புக்கு வந்து தன் தொழிலைப் பற்றிப் பேசுவார். நான் சொன்ன "வீ, வீ" என்னைத் தேடி வந்துவிட்டது. மிதுலா என்னை உட்கார வைத்து ஒலிப்பதிவுப் பொறியியலாளர் சொல்லக்கூடிய நாலு வசனம் எழுதித் தந்தாள். ரயிலில் போகும்போதும் வரும்போதும் பாடமாக்கினேன். மனதுக்குள் அந்தப் பழைய ஊதல் கேட்டுக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை பின்னேரம் அவள் கடையிலிருந்து ஓர் இசைத்தட்டோடு வந்தாள். அன்றுதான் வெளிவந்திருந்தது. மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ! இது என்ரை தையலெல்லோ!"

மிதுலா திரும்பி வந்து அட்டையை எடுத்தாள்.

"ஆரிந்தக் கிழவன்? உங்கடை கோட்டை ஏன் போட்டிருக்கிறார்? களவெடுத்தவரோ?" என்று மனைவி கேட்டுக்கொண்டே போனாள். "பொத்தானும் பூட்டேல்லை, அறப்படிச்சவர்!"

மிதுலாவுக்குத் தமிழ் சரியாக வாசிக்க வராது. ஆனால் அந்த ஓர் எழுத்தை அவள் சின்ன வயதிலிருந்தே துவைத்த துணிக் கூடையில் பார்த்து வருகிறாள். என்னைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், பாட்டை உடுப்பென்று நினைத்து நன்றி சொன்னதையும், அவர்கள் சிரித்ததையும். அவள் அட்டையோடு அறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை கலியாண வீட்டுக்குப் போடும் கோட்டுச் சூட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். மிதுலா சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நோன்" என்றாள். "ப்ளூஸைப் போடுங்கள்."

"பிள்ளை, எல்லாரும்..."

"எழுதித் தந்ததைக் கிழித்துவிட்டேன்."

வகுப்பில் முப்பது பிள்ளைகள். நீல மேலங்கியோடு நான் உள்ளே போனதும் ஒரு பெடியன் மற்றவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். மிதுலா எழுந்து முன்னால் வந்தாள்.

"இவர் என் அப்பா. ஒலிப்பதிவுப் பொறியியலாளர் என்று நான் சொன்னது பொய். இவர் ஸ்டூடியோவைத் துடைக்கிறவர். இதைப் பாருங்கள்." இசைத்தட்டைத் தூக்கிக் காட்டினாள். "இந்த எழுத்தைச் சீன எழுத்து என்று நினைப்பீர்கள். இல்லை, இது தமிழ்."

பிறகு என்னைப் பார்த்தாள். ஊதுவதற்கு அங்கே மைக் இல்லை. கரும்பலகையில் பெரிதாக 'சி' என்று எழுதினேன். கோணலாக விழுந்தது. "பொன்ஜூர். என் பெயர் சிவபாலன்" என்றேன். அதற்குப் பிறகு கால் மணி நேரம் கதைத்திருக்கிறேன் என்று மிதுலா சொன்னாள். வாளித் தண்ணீரை எத்தனை முறை மாற்ற வேண்டும் என்பதுவரைக்கும் சொன்னேனாம். லு, லா எல்லாம் பிழையாம். விழுங்காமல் சொன்னேன், அதனால்தான் பிழை வெளியே தெரிந்தது.

8

அடுத்த ஞாயிறு அட்டையைக் கொண்டுபோய்க் குணம் அண்ணையிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனால் உன்ரை கோட்டு எண்டு வெளியாலை சொல்லாதை. ஸ்டூடியோவிலை வேலை எண்டமட்டிலை நிப்பாட்டு. பொம்பிளைப் பிள்ளையை வைச்சிருக்கிறாய், நாளைக்குச் சம்பந்தம் பேச வாறவன் என்ன சொல்லுவான்?"

"துடைக்கிறவன்ரை மேள் எண்டு சொல்லுவான். சரியாத்தானே சொல்லுவான் அண்ணை?"

சலூன் கண்ணாடியின் மேல் மூலையில், சாமிப் படத்துக்குக் கீழே, அட்டையை நானே ஒட்டினேன். இன்றைக்கும் அங்கே இருக்கிறது. முடி வெட்ட வருகிறவர்களுக்குக் குணம் அண்ணை, "உந்தக் கோட்டு ஆரின்ரை தெரியுமோ?" என்று தானே கதையைத் தொடங்குகிறார். தானே அந்த மேலங்கியை வாங்கித் தந்தது போலக் கதை வளர்ந்துவிட்டது. வளரட்டும்.

அந்த மேலங்கியைத்தான் புதுக் கொம்பனி கேட்கிறது.

இன்று காலை படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காரணம் என்ற இடத்தில் தொலைந்துவிட்டது என்று எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று வேலையிடத்தில் சொன்னார்கள். தொலையாததைத் தொலைந்தது என்று எழுத எனக்கு மனமில்லை. 'லு ப்ளூஸ் என்னுடையது. தரமாட்டேன்' என்று பிரெஞ்சில் எழுதினேன். எழுத்துகளை மேலங்கிக்கு உரியபடி எழுதினேன். முன்னால் பாட்டுக்கு உரிய லு. படம் பிடித்து மிதுலாவுக்கு அனுப்பினேன். அவள் இப்போது நாந்த் நகரத்தில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். கதைப்பது இன்னும் பிரெஞ்சில்தான்.

உடனே எடுத்தாள்.

"அப்பா, லா. உடுப்பு என்றால் லா ப்ளூஸ். லு பிழை."

"தெரியும் பிள்ளை."

"தெரிந்துமா லு போட்டீர்கள்? திருத்தி எழுதுங்கள், சிரிப்பார்கள்."

"சிரிக்கட்டும். அது என்ரை பிழை. நீ திருத்தாதை."

"ஓம் அப்பா" என்றாள், தமிழில். "லுதான்."

படிவத்தின் அடியில் கந்தையா என்று அச்சடித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் 'சி' என்று கையொப்பம் வைத்தேன். நாளைக் காலை ஆறு மணிக்குக் கொடுப்பேன். நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டுதான் கொடுக்கப் போகிறேன்.

17 கார்த்திகை 2019, ஞாயிற்றுக்கிழமை.